முறிவுக்கும் ஓர் இலக்கணம்

எலும்பு முறிவை வகைப்படுத்துதல் மிகப் பழைய கலை. சுசுருத சங்கிதை எலும்பு முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் பகுத்துள்ளது. அந்தலூசிய மருத்துவர் அல்ஸஹ்ராவி (936–1013) தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியில் இவ்விரண்டையும் விரிவாக ஆராய்ந்தார். முறிந்ததைப் பொருத்துதலைக் குறிக்கும் 'ஜப்ர்' என்னும் அறபுச் சொல்லே அல்ஜீப்ராவுக்கும் பெயராயிற்று.

இன்று உலகெங்கும் வழங்குவது, 1958இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஏ.ஓ. குழுவினரின் எண்முறை. முதல் எண் எலும்பையும் இரண்டாம் எண் அதன் பகுதியையும் அடுத்து வரும் எழுத்து முறிவின் தன்மையையும் சுட்டும். '42ஏ' என்றால், கீழ்க்கால் எலும்பின் நடுப்பகுதியில் நேர்ந்த எளிய முறிவு எனச் சேலத்து மருத்துவரும் சூரிச் மருத்துவரும் ஒருங்கே உணர்வர்.

தோல் கிழிந்து எலும்பு வெளிப்படும் முறிவுகளுக்கு, 1976இல் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் மூன்று படிநிலைகளை வகுத்தனர். எனினும், மூன்றாம் படியிலுள்ள காலைக் காப்பதா, அகற்றுவதா என்னும் வினாவுக்கு அதில் தெளிவான விடையில்லை. அவ்விடையைத் தேடியவர்கள் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ்.இராஜசேகரன் குழுவினர். அவர்களது மதிப்பெண் முறை 2006இல் வெளியாயிற்று. முதன்மை இரத்தக்குழாய் சிதையாத காலில் தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றின் சேதத்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படும். நிலையை மோசமாக்கும் ஏழு காரணிகள் ஒவ்வொன்றுக்கும் 2 கூடும். மொத்தம் 14 வரை இருப்பின் காலைக் காக்கலாம். 17ஐத் தொட்டால் அகற்றுதலே பெரும்பாலும் முடிவு. இடைப்பட்ட 15, 16 மருத்துவரின் ஆழ்ந்த ஆய்வுக்குரியவை.

சேர்வராயன் மலையின் மாரமங்கலத்தில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்ததாகக் கொள்வோம். மூன்று சேதங்களுக்கும் நந்நான்காக 12. காயத்தில் தொழுவத்துச் சாணம் கலந்தமையால் 14. இன்னும் காலைக் காக்கலாம். ஆனால், 'விடியட்டும்' என்று காத்திருந்து, காயத்தைத் தூய்மை செய்யும் அறுவைக்கு 12 மணி நேரம் கடந்துவிட்டால் 16. காயம் அதேதான், காலின் நிலையோ ஐயத்துக்குள்ளாகிவிட்டது!

மலைப்பாதையின் நீளத்தை நம்மால் குறைக்க இயலாது. ஆனால், புண்ணில் பச்சிலை அப்பாமல் தூய துணியால் மூடி, காலை அசையாது கட்டி, விபத்து நேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே புறப்பட இயலும். தாமதத்தையும் ஒரு காயமாகவே இவ்விலக்கணம் எண்ணுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.