ஓவர்லாக் ஓட்டும் கைக்குத் தெரியும்... வாய்க்குத் தெரியாது! - பனியன் கம்பெனியில் ஒரு மூளைப் பாடம்

திருப்பூரில் பத்து வருஷமாக ஓவர்லாக் ஓட்டும் டெய்லர் யாரிடமாவது, ''கழுத்து ரிப்பை எந்த அளவுக்கு இழுத்துக் கொடுக்கிறீங்க?'' என்று கேட்டுப் பாருங்கள். ''அது பழக்கத்துல வர்றதுங்க'' என்பதைத் தாண்டி பதில் கிடைப்பது கஷ்டம். தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே அவருக்குச் சொல்லத் தெரியாது. வளைவில் துணியை லேசாக விடுவது, பெடலில் காலைத் தளர்த்துவது எல்லாம் தானாக நடக்கும். அந்த நேரத்தில் அவர் மனசு மகளின் ஸ்கூல் ஃபீஸில் இருக்கும்.

கைக்குத் தெரிந்தது வாய்க்கு ஏன் தெரிவதில்லை? இதற்கான விடை, ஓர் அமெரிக்கரின் சோகக் கதையிலிருந்து கிடைத்தது.

அவர் பெயர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோய். 1953-ல், 27 வயதில், மூளையின் இரு பக்கமும் இருக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பங்கை டாக்டர் வில்லியம் ஸ்கோவில் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால், அதன்பின் நடந்த எதுவும் மனசில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால், புது ஆள்!

இவரைப் பல வருஷம் ஆராய்ந்தவர் கனடாவின் பிரெண்டா மில்னர். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டே, இரட்டைக் கோட்டுக்கு நடுவில் ஒரு நட்சத்திரம் வரையச் சொன்னார். (வீட்டில் குட்டீஸோடு முயற்சி செய்து பாருங்கள். பென்சில் எதிர்த் திசையில் ஓடும்!) மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் தப்புகள் மளமளவென்று குறைந்தன. ஆனால், ஒவ்வொரு நாளும் அந்தப் பேப்பரை முதல்முறை பார்ப்பதாகவே நினைத்தார். வரைந்தது ஞாபகம் இல்லை. வரையக் கற்றது மட்டும் கையில் இருந்தது.

ஞாபகம் என்பது ஒரே பீரோ அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. நேற்று யார் வந்தார்கள், சம்பளம் எவ்வளவு வாங்கினோம் போன்றவற்றைப் பதிய ஹிப்போகேம்பஸ் வேண்டும். சைக்கிள் ஓட்டுவது, தையல் அடிப்பது போன்ற கைப்பழக்கத்துக்குச் சிறுமூளையும், மூளையின் அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்லியாவும் போதும். ஒடிசா, பீகாரிலிருந்து வருபவர்கள் தமிழ் பேசுவதற்கு முன்பே மெஷின் பழகிவிடுவதில் ஆச்சர்யமில்லை. இந்தப் பாடத்துக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. பக்கத்தில் நின்று கைமடி வேலை பார்த்தவர், ஒருநாள் மெஷினில் உட்காருவதும் இப்படித்தான்.

சரி, கைப்பழக்கம் எப்போது படிகிறது? மெஷினில் இருக்கும்போது மட்டும் அல்ல, தூங்கும்போதும்!

ஹார்வர்டில் மேத்யூ வாக்கர் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இது. எண்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் விரலால் வேகமாகத் தட்டப் பழக்கினார்கள். காலையில் பழகி, தூங்காமல் இரவில் தட்டியவர்களிடம் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. இரவில் பழகி, தூங்கி எழுந்து தட்டியவர்கள் சுமார் 20 சதவிகிதம் வேகம் கூடியிருந்தார்கள், இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே.

இங்கேதான் திருப்பூரின் 'ஒன்றரை ஷிப்ட்' இடிக்கிறது. ஷிப்மென்ட் நெருங்கினால் 12 மணி நேரம் சாதாரணம். அதற்கு மேலும் போகும். இதை விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. பீஸ் ரேட்டில் ஓடுபவருக்கு, சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளம்தான் கணக்கு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், மூளைக்கு வேறு கணக்கு.

சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வர காலை 5 மணிக்கு எழும் பெண்ணுக்கு, இரவு 10 மணி என்பது விழித்திருக்கும் 17-வது மணி நேரம். ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997-ல் இதைச் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் 0.03 சதவிகிதத்தைத் தாண்டி வண்டி ஓட்டினாலே கேஸ். மெஷினுக்கு அப்படி ஊதச் சொல்லும் கருவி கிடையாது. கடைசி ஒரு மணி நேரத்தில் விரலில் ஊசி ஏறினால், ''கவனம் எங்கே போச்சு?'' என்று டெய்லருக்குத்தான் திட்டு.

புதிதாக வருபவர்கள் பாடு இன்னும் மோசம். கை பழகாத முதல் வாரத்தில், ஒவ்வொரு தையலையும் யோசித்து யோசித்துத்தான் அடிக்க வேண்டும். அதற்கு மூளையின் முன்பகுதி விழிப்பாக இருக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் முதலில் தடுமாறுவதும் அதுதான். அன்றைய பாடம் படிய வேண்டிய இரவும் அவர்களுக்குப் பாதியாகிவிடுகிறது. மறுநாள் காலை 8.30-க்கு சூப்பர்வைசர் வந்து, ''நேத்து பூரா சொல்லிக் கொடுத்தேனே, இன்னும் கை வரலையா?'' என்று கேட்பார்.