எரர் காயினா, அடிபட்ட காசா?

பழைய காசு வைத்திருக்கும் பலரும் கேட்கிற கேள்வி இது. இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். பதில் அந்தக் காசிலேயே இருக்கு, அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் போதும்.

நாணயச்சாலையில் முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். அடுத்து வில்லையின் ஓரத்தை அழுத்தி விளிம்பை உயர்த்துவார்கள். கடைசியில் மேலும் கீழும் அச்சு, சுற்றிலும் வளையம், நடுவில் வில்லை வைத்து ஒரே அழுத்து. இந்த மூன்று கட்டத்துக்குள் நடந்த தவறுதான் பிழை. அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சேதம்.

முதலில் தடவிப் பாருங்க. அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் புகும். காசில் மேடான கோடாகத் தெரியும். பின்னால் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும்.

ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு இல்லையா? நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்க. வில்லை வெட்டும்போதே குறைந்திருந்தால், விளிம்பு உயர்த்தும் எந்திரத்தில் அந்த இடத்தில் அழுத்தம் கிடைத்திருக்காது. அதனால் எதிர்ப்பக்கமும் மழுங்கியே இருக்கும். பிற்பாடு யாரோ வெட்டியது என்றால் எதிர் விளிம்பு பழுதில்லாமல் இருக்கும்.

அடுத்து எடை. 1992-இல் அறிமுகமான எஃகு ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 4.85 கிராம். துண்டு எதுவும் குறையாமலே எடை மட்டும் குறைந்தால் அமிலத்தில் அரிக்கப்பட்டிருக்கலாம், ராவப்பட்டிருக்கலாம்.

எங்க அரக்கோணம் மாதிரி ரயில் ஊர்களில் தண்டவாளத்தில் நசுங்கிய காசுகளும் உண்டு. அவற்றில் எடை குறையாது. ஆனால் இரண்டு பக்க எழுத்தும் சேர்ந்தே பரவி, தட்டையாகிக் கிடக்கும். அச்சு விலகி விழுந்த நிஜமான பிழைக் காசில் பதிந்த பகுதி கூர்மையாகவும் மீதி வெறுமையாகவும் இருக்கும்.

எழுத்து இரட்டையாகத் தெரிகிறதா? அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டு எழுத்தும் உருண்டு, முழு உயரத்தில் நிற்கும். அழுத்தும்போது அச்சு ஆடினால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு போலத் தட்டையாகும். இதுவும் எந்திரத்தில் நடந்ததுதான், ஆனால் சேகரிப்பவர்கள் பெரிதாக மதிப்பதில்லை.

பிழையும் இல்லை, சேதமும் இல்லை என்று ஒரு வகை இருக்கு. நம்ம பக்கத்து ஆற்காட்டின் பேரில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் ஆற்காடு ரூபாய் அடித்தார்கள். கையால் அடித்த காலத்தில் அச்சு பெரிசு, வில்லை சின்னது. பாதி எழுத்து வெளியே போவது அதில் சகஜம். அதன் மேல் இருக்கும் சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள் வெள்ளியைச் சோதித்த சராப்புகள் போட்டவை. நாணயச்சாலைப் பிழை அல்ல.

1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். போர்க்கால உலோகச் சிக்கனத்துக்காக வேண்டுமென்றே வைத்த ஓட்டை அது. கிரீடமும் எழுத்தும் ஓட்டையைச் சுற்றியே அமைந்திருக்கும். மாலை கோர்க்கத் துளைத்த காசில் துளை எழுத்தையோ உருவத்தையோ தின்றிருக்கும்.

சந்தேகம் வந்தால் அதே வருஷத்து நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீங்க. அதுவே புதுச் சேதம்.

கடைசியாக, "உங்க காசு லட்சத்துக்குப் போகும், முதலில் கமிஷன் கட்டுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்க. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு விற்கக் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. காசை விற்கிறவருக்குத்தான் பணம் வரணும், அவர் கையிலிருந்து போகக்கூடாது.