நூலும் தறியும்: குடும்பச் சாயல் எங்கிருந்து வருகிறது?

‘நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை’ என்பது நம் பழமொழி. துணி வியாபாரத்தில் தலை நரைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரே நூலானாலும் தறி மாறினால் வேறு துணி; சாயம் மாறினால் வேறு விலை. பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான்.

முதலில் நூலைப் பார்ப்போம். ‘அப்பனை உரிச்சு வச்சிருக்கான்’ என்கிறோம். உண்மையில் மரபணுக்களில் பாதி தாய் வழி, பாதி தந்தை வழி. எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். எனவே உடன்பிறந்தோர்க்குள் சராசரியாகப் பாதியே பொது. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கோ ஏறத்தாழ முழுவதும் ஒன்று. இத்தகைய இரட்டையரைக் கொண்டு பிறப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் ஆராயலாம் என்று 1875-இல் எழுதியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன்.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல ஊட்டமுள்ள சமுதாயத்தில் ஆளுக்கு ஆள் காணும் உயர வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காடு மரபு சார்ந்தது. ஆயினும் தென்கொரியாவில் 1896-இல் பிறந்த பெண்களைவிட 1996-இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம்! நூறாண்டில் குருதி அவ்வளவு மாறாது. உணவும் சுகாதாரமும் மாறின.

பழக்கங்களோ பெரும்பாலும் தறியின் வேலை. எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர் பலர். பேரப்பிள்ளையும் அப்படியே இருந்தால் ‘ரத்தத்திலேயே ஊறினது’ என்பார்கள். அது அடுப்படியில் ஊறியது.

குரலில் இரண்டும் கலந்து நிற்கும். போனில் பேசுவது அப்பாவா, மகனா என்று திகைக்கிறோம் அல்லவா? தொண்டையின் அமைப்பில் பிறப்புக்குப் பெரும்பங்கு உண்டு. சொல்லை இழுப்பதும் நிறுத்துவதும் கேட்டுப் பழகியவை. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் ‘ட’, ‘த’ ஒலிகளைப் பிரித்தறிந்தனர். ஒரு வயதை எட்டுவதற்குள் பெரும்பாலோரிடம் அத்திறன் மறைந்துவிட்டது. இந்தி வீட்டுக் குழந்தைகளிடமோ நிலைத்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. ‘நம்ம பிள்ளைதானே, தமிழ் தானா வரும்’ என்பதும் தவறு. ‘அவன் நாக்குக்கு ழகரம் வராது’ என்பதும் தவறு. மூக்கும் முழியும் கேளாமலே வந்து சேரும். மொழி காது வழியாகத்தான் வரவேண்டும். கைக்குழந்தைக்கு என்ன புரியும் என்று எண்ணாமல் தாத்தா பாட்டிகள் மடியில் வைத்துத் தமிழில் பேசுங்கள். வயது கடந்தாலும் கற்கலாம், உழைப்புதான் கூடும்.