புறப்பாடு – 12: கேட்டில் நிற்பவரின் பாரம்

ஃபாரஸ்ட் கேட் உட்கிரேஞ்ச் ரோட்டில் மது விற்கும் எவருக்கும் தெரிந்த விஷயம் இது. தள்ளாடி வருபவருக்குத் தெரிந்தே போத்தலை விற்றால் விற்றவர் குற்றவாளி. 2003ஆம் ஆண்டு லைசன்ஸிங் சட்டத்தின் 141ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். நியூஹாம் கவுன்சில் லைசன்ஸிலேயே கைவைக்கலாம். கிழக்கு லண்டனில் ஆஃப் லைசன்ஸ் கடை நடத்தும் நம்மவர்கள், "இண்டைக்கு வேண்டாம் அண்ணை, நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிட்டு, மறுத்த நேரத்தை ரெஃப்யூசல் புத்தகத்தில் குறித்துவைப்பார்கள்.

அங்கிருந்து எலிசபெத் லைனில் ஹீத்ரோவுக்குப் போகலாம். ரயிலில் திறந்த பியர் டின் வைத்திருக்கவும் தடை. ஆனால் செக்யூரிட்டியைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிடுகிறது. உள்ளே இருக்கும் பார்களை அதே லைசன்ஸிங் சட்டம் தொடுவதில்லை; விடிகாலையிலேயே கிளாஸ் நிரம்பும். இந்த விலக்கை நீக்கச் சொல்லி 2017இல் பிரபுக்கள் சபைக் குழு பரிந்துரைத்தது. 2018இல் உள்துறை கருத்துக் கேட்டது. அத்தோடு சரி. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

ஏனென்றால் ஊற்றிக் கொடுத்தவர் ஒதுங்கிக்கொள்ள, தடுக்கும் வேலை போர்டிங் கேட் ஊழியரின் தலையில் விழுகிறது. போதையோடு விமானத்தில் ஏறுவது குற்றம். 2 ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஊதிப்பார்க்கும் கருவி இல்லை. நடை, பேச்சு, பாஸ்போர்ட்டை எடுக்கத் தடுமாறும் விரல்கள், இவைதான் தடயம்.

கைதேர்ந்தவர்கள் இதைச் சத்தமில்லாமல் செய்வார்கள். வரிசையிலிருந்து தனியே அழைத்து உட்காரவைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், எங்கே போகிறீர்கள் என்று பேச்சுக் கொடுப்பார்கள். நண்பர்கள் முன்னால் "குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் ரோஷம் வந்து கைகலப்பில் முடியும். இரத்தத்தில் சர்க்கரை இறங்கியவருக்கும் நாக்கு குழறும், கால் பின்னும். அதனால் மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று விசாரித்தே ஆக வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் கேப்டனிடம் சொல்வார்கள்.

ஏற்றுவதில்லை என்று முடிவானால் அவருடைய பெட்டியையும் இறக்க வேண்டும். பயணி இல்லாமல் ஏறிய பெட்டியில் இருந்த குண்டு வெடித்துத்தான் 1985இல் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் மாண்டார்கள். சரக்கறையைத் திறந்து பெட்டியைத் தேடுவதற்குள் புறப்படும் நேரம் தவறிவிடும். அந்தத் தாமதத்துக்குப் பயந்து, "தூங்கிவிடுவார், போகட்டும்" என்று விடுவதுதான் ஆபத்து. மேலே காற்றழுத்தம் குறைவு. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். அங்கே போலீஸும் கிடையாது. வழியில் வேறெங்காவது இறக்க நேர்ந்தால் 10,000 முதல் 80,000 பவுண்டுவரை செலவாகும் என்கிறது பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம்.

நிறுத்திய பிறகும் வேலை முடிவதில்லை. அவரை நாற்காலியில் தனியே விட்டுப் போகக் கூடாது; வாந்தியெடுத்து மூச்சடைக்கலாம். கூட ஒருவர் இருக்க வேண்டும், முரண்டு பிடித்தால் போலீஸை அழைக்க வேண்டும். தெளிந்த பிறகு அடுத்த டிக்கெட் பெரும்பாலும் அவர் செலவில்தான்.

(தொடரும்)