வெல்ல மண்ணில் வேறோர் இனிப்பு

கங்காதர நெல்லூரை உள்ளடக்கிய சித்தூர் வட்டாரம் வெல்லத்திற்கும் மாம்பழத்திற்கும் பெயர் பெற்றது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் பொங்கல் என்றால் வெல்லம். கோடை என்றால் மாம்பழம். அருகிலுள்ள திருப்பதியின் லட்டோ 2009ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய ஊரில் ஒரு குழந்தை இனிப்பைத் தொட மறுத்தால், நாம் அதைப் பிடிவாதம் என்றே கருதுகிறோம். 'ஒரு வாய் சாப்பிடு' என்று ஊட்டியும் விடுகிறோம். அந்த ஒரு வாய் சிலருக்கு நஞ்சாக அமையக்கூடும்.

பழங்களிலும் தேனிலும் ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை உள்ளது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் சர்க்கரையும் வெல்லமும் செரிக்கும்போது பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் பிரிகின்றன. ஆகவே சர்க்கரையை விடுத்து வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றுக்கு மாறுவது, ஃபிரக்டோஸை விலக்க வேண்டியவர்களுக்குத் தீர்வாகாது.

இக்குறைபாட்டில் இருவகை உண்டு. ஒன்று, குடல் ஃபிரக்டோஸை முழுமையாக உறிஞ்ச இயலாமை. இதனால் வயிற்று உப்புசமும் வலியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். அளவைக் குறைத்தாலே பலருக்கு நலம் கிடைக்கும். மற்றொன்று பிறவியிலேயே வரும் அரிய குறைபாடு. 1956ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நிலையில், கல்லீரலில் 'ஆல்டோலேஸ் பி' என்னும் நொதி சரிவர இயங்குவதில்லை. ஃபிரக்டோஸ் உட்கொண்டால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழும், வாந்தி உண்டாகும், தொடர்ந்து உட்கொண்டால் கல்லீரலும் சிறுநீரகமும் பழுதடையும். தாயும் தந்தையும் இக்குறைபாட்டுக்கான மரபணுவைச் சுமப்பவராக இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் இது வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

தாய்ப்பாலில் ஃபிரக்டோஸ் இல்லாமையால், பால் மட்டும் அருந்தும் வரை குழந்தை நலமாகவே இருக்கும். பழமசியலும் வெல்லம் கலந்த கஞ்சியும் தரத் தொடங்கும்போதுதான் தொல்லை வெளிப்படும். பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தடவும் 'சேனை வைத்தல்' வழக்கத்தைக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. வளர்ந்த குழந்தை இனிப்பைக் கண்டதும் முகம் சுளித்து, உண்டபின் வாந்தி எடுத்தால், கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மரபணுப் பரிசோதனை மூலம் இதை உறுதி செய்யலாம்.

அவ்வாறாயின், பண்டிகை நாளில் இவர்கள் இலையில் இனிப்பே கூடாதா? கூடும். பாலின் இயல்பான சர்க்கரையான லாக்டோஸில் ஃபிரக்டோஸ் இல்லை. கலப்பற்ற குளுக்கோஸ் தூளிலும் இல்லை. இவ்விரண்டையும் கொண்டு நால்வருக்கு ஒரு பாயசம் செய்யலாம்.

ஒரு லிட்டர் பாலில் 50 கிராம் பச்சரிசியைக் கழுவிச் சேர்த்து, சிறு தீயில் குழைய வேகவிடுங்கள். பால் ஏறத்தாழப் பாதியாக வற்றியதும் அடுப்பிலிருந்து இறக்கி, 60 கிராம் குளுக்கோஸ் தூள், ஒரு தேக்கரண்டி நெய், ஒரு சிட்டிகை ஏலப்பொடி சேர்த்துக் கலக்குங்கள். குளுக்கோஸைக் கொதிக்கும்போது சேர்த்தால் பால் பழுப்பேறும். இறக்கிய பின் சேர்ப்பதே நன்று. சர்க்கரையைவிட இதன் இனிப்பு சற்றுக் குறைவு. முந்திரியிலும் இயல்பாகவே சர்க்கரை உண்டு. திராட்சையில் ஃபிரக்டோஸ் மிகுதி. இரண்டையும் தவிர்க்கவும். பாலைச் சுண்டக் காய்ச்சி, எதுவும் சேர்க்காமல் எடுக்கும் கோவாவும் மெல்லிய இனிப்புடன் சுவையாக இருக்கும்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. குளுக்கோஸ் இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்துவதால், இப்பாயசம் நீரிழிவு உள்ளோர்க்கு உரியதன்று. 'சர்க்கரை இல்லாதது' என விற்கப்படும் பண்டங்களில் சார்பிட்டால் இருக்கலாம். அது உடலில் ஃபிரக்டோஸாக மாறும். குளுக்கோஸ் பொட்டலங்கள் சிலவற்றில் சுவைக்காகச் சர்க்கரை சேர்க்கப்படுவதும் உண்டு. இருமல் மருந்துகளிலும் சர்க்கரையோ சார்பிட்டாலோ கலந்திருக்கும். ஆகவே சிட்டையைப் படித்த பின்னரே வாங்குங்கள். பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் புதிய உணவு எதையும் மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

இவர்களுக்கு நரம்பு வழியே ஃபிரக்டோஸோ சார்பிட்டாலோ செலுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே பணப்பையில் வங்கி அட்டையோடு, குறைபாட்டின் பெயரையும் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் எழுதிய சீட்டு ஒன்றையும் வைத்திருப்பது நலம். நினைவிழந்த வேளையில் அச்சீட்டே அவருக்காகப் பேசும்.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் வீட்டிற்கு இத்தகைய விருந்தினர் ஒருவர் வரக்கூடும். சர்க்கரைப் பொங்கலை வற்புறுத்தி வைப்பதைவிட, அவருக்கென ஒரு கிண்ணம் பால் பாயசத்தைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியுடன் எடுத்து வையுங்கள். விருந்தோம்பல் என்பது விருந்தினர் உடலுக்கு உகந்ததை அறிந்து பரிமாறுவதும் அன்றோ!