40 மோட்டார் சைக்கிளும் ஒரு பெற்றோல் ஷெட்டும்

நான் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்பவன். கூட்டமாகத் தூரப் பயணம் போகும் இளைஞர்கள் புறப்படும் முன் நம் கடைக்கு வந்து செயின், பிரேக் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். பெற்றோல் எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "வழியில் ஷெட் இல்லாமலா போகும் நானா?" என்பார்கள்.

ஷெட் இருக்கும், நேரம்தான் இருக்காது. வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒருவர் பெற்றோல் அடித்து, காசு கொடுத்து, மிச்சம் வாங்கி நகர 2 நிமிடம் என்று வையுங்கள். 40 பேருக்கு ஒரு பம்பில் 80 நிமிடம். பின்னால் காத்து நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

இதில் பாதி நேரம் காசுக்குத்தான் போகிறது. ஆகவே முதல் நாளே ஆளுக்கு ஒரு தொகை சேர்த்து, நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுங்கள். அவர் பம்படியில் நின்று ஒவ்வொருவருடைய தொகையையும் கொப்பியில் குறித்து, கடைசியில் ஒரே தடவையில் கட்டட்டும். கூடக் குறைய இருந்தால் இரவு தீர்த்துக்கொள்ளலாம்.

எந்த ஊரில் நிறுத்துவது என்பதைச் சிறிய டாங்கிதான் தீர்மானிக்க வேண்டும். 15 லீற்றர் பிடிக்கும் பல்சரில் முன்னே போகிறவருக்குப் பின்னால் வரும் ஸ்கூட்டரின் கவலை தெரியாது. அதன் டாங்கி சுமார் 5 லீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினாலும் 200தான், மலை ஏறினால் அதுவும் இல்லை.

கொழும்பிலிருந்து ஏ4 வீதியால் பொத்துவிலுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். மலை ஏறும் முன் பலாங்கொடையில் ஒரு தடவை, பிறகு மொனராகலையில் ஒரு தடவை அடித்தால் போதும். இரண்டு இடத்திலும் 80 நிமிடம் நின்றால் லாகுகலக் காட்டு வீதிக்கு வரும்போது இருட்டிவிடும். அங்கே யானை வீதியைக் கடக்கும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

2022 இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று கோட்டா வந்த காலத்திலிருந்து, போத்தலில் பெற்றோல் கொண்டுபோகும் பழக்கம் சிலரை விடவில்லை. வெயிலில் சூடேறும் பையில் அது வேண்டவே வேண்டாம்.

பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, கால் மணி நேர இடைவெளியில் புறப்படுங்கள். ஷெட் முகாமையாளருக்கு முதல் நாளே கோல் எடுத்துச் சொன்னால் ஒரு பம்பை ஒதுக்கித் தரக்கூடும். பக்கத்து ஹோட்டல்காரருக்கும் சொல்லிவையுங்கள். 40 பேருக்கு ரொட்டி போட அவரும் மா பிசைய வேண்டுமே.