சென்ற முறை செய்தது இம்முறை ஏன் இல்லை?

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலையில், வார்டில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பத்து வருஷத்துக்கு முன்னால் என் தம்பிக்கு ஆபரேஷன் நடந்தபோது நெஞ்சிலிருந்து தொடை வரை சவரம் செய்தார்கள். ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இப்போது இரண்டும் வேண்டாம் என்கிறீர்களே, டாக்டர்?" கேட்பவர் குரலில் ஐயம் இருக்கும், சில வேளைகளில் அச்சமும் இருக்கும். அவசரத்தில் ஏதோ விட்டுப்போகிறது என்று உறவினர் எண்ணுவது இயல்பே. வார்டில் நின்றபடி இரண்டு வரியில் விடை சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்ள விரும்புகிறோம்.

முதலில் சவரம். முடி அழுக்கைச் சேர்க்கும், ஆகவே மழித்துவிட்டால் புண் சீழ் பிடிக்காது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். 1971இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 406 நோயாளிகளை எண்ணிப் பார்த்தபோது, கத்தியால் மழிக்கப்பட்டவர்களில் 5.6 விழுக்காட்டினருக்குப் புண்ணில் தொற்று ஏற்பட்டிருந்தது. மழிக்கப்படாதவர்களிலும் களிம்பு கொண்டு முடி நீக்கப்பட்டவர்களிலும் அது 0.6 விழுக்காடு மட்டுமே. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. கிருமிகள் அங்கே குடியேறுகின்றன. பின்னர் வந்த ஆய்வுகளையும் சேர்த்து ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனம், முடியை அகற்றாமல் விடுக, தவிர்க்க இயலாவிடில் மின் கத்தரிப்பானால் வெட்டுக, சவரம் கூடவே கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது.

பட்டினியின் கதை சற்று வேறு. மயக்கநிலையில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. அந்த அச்சம் உண்மையானது. ஆனால் தெளிந்த நீர் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதில்லை. எனவே, பெரும்பாலோர் மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் அருந்தலாம். பால் கலந்த காபி தெளிந்த நீர் ஆகாது. அதற்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். குடல் அடைப்பு உள்ளவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்கு விதி மாறும். மயக்க மருந்து நிபுணர் உங்களுக்கெனச் சொல்லும் நேரமே இறுதியானது.

இவ்வாறு, செய்துவந்ததைச் செய்துவந்ததற்காகவே தொடராமல், அதனால் நோயாளிக்கு உண்மையில் நன்மை விளைந்ததா என்று எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதைச் சான்று சார்ந்த மருத்துவம் என்கிறோம். பெயர் புதியது போல ஒலிக்கலாம். அது இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதை மார்பகப் புற்றுநோயின் வரலாறு காட்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் அறுவை முறையை வகுத்தார். மார்பகத்தையும், அதன் அடியிலுள்ள தசைகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றுவது அம்முறை. புற்று கட்டியிலிருந்து படிப்படியாக வெளியே பரவுகிறது. ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று அவர் கருதினார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஹால்ஸ்டெட் மிகத் திறமையான மருத்துவர். அவர் பேச்சை மறுக்கப் பலருக்கும் துணிவு வரவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே முறையாக இருந்தது. அதற்கு உட்பட்ட பெண்கள் பலர் நெஞ்சு குழிந்து, கை வீங்கி, தோளை உயர்த்த இயலாமல் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தனர். உயிர் பிழைத்ததற்கான விலை அது என்றே அவர்களிடம் சொல்லப்பட்டது.

பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர் அந்த விலை தேவையா என்று கேட்டார். 1971இல் தொடங்கிய அவருடைய ஆய்வில் 1,600க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். யாருக்குப் பெரிய அறுவை, யாருக்குச் சிறிய அறுவை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போன்றதொரு முறை தேர்ந்தெடுத்தது. இது கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். ஆனால் மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தமக்குப் பிடித்த முறைக்கு உடல் வலுவுள்ளவர்களை அறியாமலேயே அனுப்பிவிடுவார். பிறகு எந்த முறை சிறந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி, சிறு கட்டியுள்ள 701 பெண்களிடம் மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பதை ஹால்ஸ்டெட் முறையோடு ஒப்பிட்டார். முன்னதன் 25 ஆண்டு முடிவும் பின்னதன் 20 ஆண்டு முடிவும் 2002இல் வெளியாயின. இரண்டிலும், பெரிய அறுவைக்கு உட்பட்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. இன்று தொடக்க நிலையில் கண்டறியப்படும் பலருக்கு மார்பகத்தைக் காக்க முடிவதற்கு, அந்த ஆய்வுகளில் சேரச் சம்மதித்த பெண்களே காரணம்.

இவற்றை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை படித்துவிட்டால் போதாது. எங்கள் துறைக் கூட்டத்தில் இளம் மருத்துவர் ஒருவர் புதிய ஆய்வுக் கட்டுரையை எடுத்துச் சொல்வார். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்களா? இடையில் எத்தனை பேர் தொடர்பின்றிப் போனார்கள்? பலனை அளந்தவருக்கு யாருக்கு எந்தச் சிகிச்சை என்று முன்பே தெரியுமா? அந்த நோயாளிகள் நம் வார்டில் இருப்பவர்களைப் போன்றவர்களா? கேள்விகளின் முன் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு நிற்காது. முப்பது ஆண்டுக் கைப்பழக்கத்தை இளையவர் ஒருவரின் கட்டுரைக்காக மாற்றிக்கொள்வது எளிதன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கடைசிக் கேள்விக்கு நம் நாடும் விடை தந்துள்ளது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 81 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. வயிற்று அறுவையில், தையலிட்டு மூடுவதற்குச் சற்று முன்பு கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றினார்கள், அவ்வளவுதான். புண் தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆய்வின் எண் பலரைப் பற்றியது. கட்டிலில் இருப்பவரோ ஒருவர். குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் பெற்றவர்களில் பத்தில் ஏழு பேருக்கு 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்படவில்லை. குடல்வாலில் கல் போன்ற அடைப்பு இருந்தவர்களில் அது பத்தில் ஆறாகக் குறைந்தது. வீட்டுக்கு அருகில் மருத்துவமனை உள்ள ஒருவர் மருந்தை முயன்று பார்க்கலாம். வலி திரும்பினால் நள்ளிரவில் மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய ஊர்க்காரரோ, இன்றே அறுவையை முடித்துக்கொள்வதை விரும்பக்கூடும். எண் ஒன்றே, முடிவு இரண்டும் சரியே. ஆகவேதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் உங்கள் ஊர், வேலை, வீட்டில் துணைக்கு இருப்பவர் ஆகியவற்றைக் கேட்கிறோம். அது ஊர்க்கதை பேசுவதற்காக அன்று. நீங்களும் எங்களைக் கேட்கலாம்: அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, என்னைப் போன்றவர்களுக்கு எப்படி முடிந்திருக்கிறது? இக்கேள்விகளால் மருத்துவர் மனம் வருந்துவார் என்று தயங்க வேண்டாம்.

அறுவைக்கு வரும் முன் வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு வருவதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். செய்துவிட்டிருந்தால், கடைசியாக என்ன உண்டீர்கள், எப்போது குடித்தீர்கள் என்பதோடு சேர்த்து அதையும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.